திருப்பி அனுப்பினால் அவமானமா?

கேள்வி: என் மகள் நியூ ஜெர்சியில் வேலை பார்க்கிறாள். ஒரு யூத இளைஞரை மணப்பதற்காக அவர்கள் மதத்துக்கே மாறப் போவதாகச் சொன்னாள். அழுது தீர்த்துவிட்டுச் சம்மதித்தோம். அங்குள்ள மதகுருவோ, "உனக்கு எதற்கு இது?" என்று திருப்பி அனுப்பிவிட்டாராம். வலிய வந்தவளை விரட்டுவது அவமானம் அல்லவா? - ஒரு தாய், மதுரை

பதில்: இல்லை அம்மா, அது அவர்கள் வழக்கம். யூதராகப் பிறக்காதவர் பைபிளில் வரும் நோவாவின் பெயரால் வழங்கும், கொலை, களவு கூடாது போன்ற ஏழு கட்டளைகளின்படி நடந்தாலே கடவுளுக்குப் போதும் என்று நம்புவதால் அவர்கள் ஆள் சேர்க்க மாட்டார்கள். தேடி வருகிறவரை மூன்று முறை திருப்பி அனுப்பும் மரபும் உண்டு. "நாங்கள் ஒடுக்கப்படும் இனம் என்று தெரியாதா, எதைக் கண்டு வந்தாய்?" என்று கேட்கச் சொல்கிறது அவர்களின் சட்ட நூலான தல்மூத்.

காதலுக்காக வருகிறார்களா என்று விசாரிக்கச் சொன்னவர் 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ். மதம் மாறும் சடங்கில் முறைப்படி முழுக்குப் போட்டு ஏறிவிட்டால், பிறகு மனம் மாறினாலும் அவர்கள் கணக்கில் அவள் யூதப் பெண்தான். வாசலில் இத்தனை கெடுபிடி அதனால்தான்.

பைபிளில் வரும் வேற்றினப் பெண்ணான ரூத்தைத்தான் அவர்கள் முன்னுதாரணமாகக் காட்டுவார்கள். மாமியார் நகோமி "திரும்பிப் போ" என்று எவ்வளவோ சொல்லியும் அவள் போகவில்லை. அப்போது அவள் கணவன் உயிரோடு இல்லை; மாமியாருக்குப் பின்னால்தான் போனாள்! உங்கள் மகளிடம் நான் கேட்க நினைப்பதும் இதுதான்: அந்தப் பையன் நாளை இல்லையென்றாலும் இந்த வாழ்க்கை வேண்டுமா?

கட்டுப்பாடான குடும்பம் என்றால் இறைச்சியும் பாலும் சேரக் கூடாது; கோழிக் குழம்பு சாப்பிட்ட கையோடு தயிர்சாதம் கிடையாது. பலர் ஆறு மணி நேரம் காத்திருப்பார்கள். மீனாட்சி கோயில் பிரசாதத்தை வாங்க மாட்டாள். உங்களுக்கு இதுதான் வலிக்கும். இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

யூதர்களிலேயே சீர்திருத்தப் பிரிவில் இவ்வளவு கெடுபிடி இல்லை. ஆனால் அங்கே மாறியவரை வைதீகப் பிரிவினர் ஏற்பதில்லை. தாய் யூதரென்றால்தான் பிள்ளை யூதர் என்பது அவர்கள் விதி. உங்கள் பேரப்பிள்ளை வரை இது போகும். எந்தப் பிரிவு என்பதை மாப்பிள்ளை வீட்டாரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். மகளும் காதல் விஷயத்தை மதகுருவிடம் மறைக்க வேண்டாம்.

நமக்குச் சனிக்கிழமை விடியும்போது அங்கே வெள்ளி இரவு, யூதர்களின் வாராந்தர ஓய்வுநாள் தொடங்கியிருக்கும். கண்டிப்பாகக் கடைப்பிடிப்பவர்கள் அப்போது தொலைபேசியைத் தொடமாட்டார்கள். வரும் சனிக்கிழமை காலை அவளை அழைத்துப் பாருங்கள். எடுத்தால் கல்யாணத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள். மதம் மாறுவது கொஞ்சம் பொறுக்கட்டும்.