ஈடி செட்ஜ்விக் வார்ஹோலின் படங்களில் நடித்தாரா, சும்மா இருந்தாரா?

கேள்வி இதுதான்: அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் பெரிய ஸ்டுடியோக்களுக்கு வெளியே எடுத்த அண்டர்கிரவுண்ட் படங்களில் வரும் ஈடி செட்ஜ்விக், பணக்கார வீட்டு அழகி என்பதைத் தாண்டி அங்கே ஏதாவது செய்தாரா?

செய்தார். அவர் செய்தது நடிப்புதான், அதிலும் கடினமான வகை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பிறந்தது 1943இல், கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில். மாசசூசெட்ஸின் பழைய, பெரிய குடும்பம். முன்னோர் ஒருவர் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகராகவே இருந்திருக்கிறார். ஆனால் 1964இல் ஒரு அண்ணன் தற்கொலை செய்துகொண்டார். ஒரு வருடம் முடிவதற்குள் இன்னொரு அண்ணன் மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்விட்டார். அந்தத் துக்கம் ஆறாத 1965ஆம் வருடத் தொடக்கத்தில்தான் நியூயார்க்கில் வார்ஹோலின் அறிமுகம். அப்புறம் அந்த ஒரே வருடத்தில் படம் மேல் படம்.

இதைப் புரிந்துகொள்ள வார்ஹோலின் கேமராவைப் புரிந்துகொள்ள வேண்டும். 1200 அடி பிலிம் போட்டால் சுமார் 33 நிமிடம் நிற்காமல் ஓடும். நடுவில் கட் கிடையாது, ரீடேக் கிடையாது, பெரும்பாலும் எழுதி வைத்த வசனமும் கிடையாது. ரீல் தீரும்வரை கேமரா முன்னால் இருந்தாக வேண்டும். தேர்ந்த நடிகர்களே ஐந்து நிமிடத்தில் தடுமாறிப்போவார்கள்.

‘புவர் லிட்டில் ரிச் கேர்ள்’ படத்தை முதன்முறை பார்த்தபோது எனக்குக் கோபமே வந்தது. முதல் ரீல் முழுக்க ஃபோகஸ் இல்லை. லென்ஸ் கோளாறால் மொத்தப் படமும் அப்படி வந்துவிட, திரும்ப எடுத்திருக்கிறார்கள். ஆனால் வார்ஹோல் பழைய மங்கல் ரீல் ஒன்றையும் புதிய தெளிவான ரீல் ஒன்றையும் சேர்த்து வைத்துவிட்டார். அரை மணி நேரம் ஒரு மங்கல் உருவம் படுக்கையிலிருந்து எழுகிறது, போனில் காபி சொல்கிறது, சிகரெட் பற்றவைக்கிறது. பிறகு இரண்டாவது ரீலில் திடீரென்று முகம் தெரிகிறது. அந்த நொடியில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவ்வளவு நேரம் உருவமாக மட்டும் பழகியவரை அப்போதுதான் நேரில் சந்திப்பது போல இருந்தது.

‘கிச்சன்’ படத்துக்கு ரொனால்ட் டாவெல் எழுதிய வசனம் உண்டு. வசனம் மறந்தால் தும்ம வேண்டும் என்று ஏற்பாடு. ஈடி தும்மிக்கொண்டே இருக்கிறார். மனப்பாடம் செய்து ஒப்பிப்பது அவருக்கு வராது என்பது உண்மை. அதை வைத்தே அவருக்கு நடிக்கத் தெரியாது என்று முடிவு கட்டுவதைத்தான் நான் ஏற்க மாட்டேன். ‘பியூட்டி நம்பர் 2’வில், அவர் கட்டிலில் ஒருவரோடு இருக்க, திரைக்கு வெளியிலிருந்து சக் வெய்ன் என்ற நண்பர் குத்திக் குத்திக் கேள்வி கேட்கிறார். சிரிப்பு, சலிப்பு, காயம், கோபம் எல்லாம் அந்த முகத்தில் அடுத்தடுத்து வந்து போகின்றன. அது எனக்குப் பார்க்கச் சங்கடமான படம். அவரை அப்படிச் சீண்டியது சரிதானா என்ற கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை.

வார்ஹோலுடனான உறவு சீக்கிரமே கசந்துவிட்டது. ‘செல்சி கேர்ள்ஸ்’ படத்துக்காக எடுத்த தன் பகுதியை ஈடியே நீக்கச் சொல்லிவிட்டார். கடைசிப் படமான ‘சாவ்! மன்ஹாட்டன்’ 1972இல் வந்தபோது அவர் உயிரோடு இல்லை. 1971 நவம்பரில், 28 வயதில், தூக்க மருந்தால் இறந்திருந்தார்.

எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது என்றால் ‘அவுட்டர் அண்ட் இன்னர் ஸ்பேஸ்’ என்பேன். 1965 ஆகஸ்டில் எடுத்தது. வீடியோ அப்போது புதுசு. முதலில் ஈடியை வீடியோவில் பதிவு செய்து, அது ஓடும் டிவியின் பக்கத்திலேயே அவரை உட்காரவைத்துப் பிலிமில் எடுத்தார்கள். இப்படி எடுத்த இரண்டு ரீலையும் அருகருகே ஓட்டுவதால் திரையில் நான்கு ஈடிகள். டிவிக்குள் இருப்பவர் நிஜ ஈடியின் காதில் ஏதோ கிசுகிசுப்பது போலவே இருக்கும். தன் குரலே பின்னாலிருந்து தொந்தரவு செய்ய, அவர் திரும்பத் திரும்பப் பேச்சைத் தொடர முயல்கிறார். பேச்சு பெரும்பாலும் புரியாது. நான் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், 33 நிமிடமும்.