வன்னி என்றால் காடு

கேள்வி: ஓகஸ்ட் 9 உலகப் பூர்வகுடிகள் தினம் என்று ரேடியோவில் சொன்னார்கள். நாங்கள் பூட்டன் காலத்திலிருந்து இந்தக் குளத்தடியில் விதைக்கிறோம், இப்போது வயலுக்குள் எல்லைக்கல் நட்டு 'இது காடு' என்கிறார்கள். அப்போ நாங்களும் பூர்வகுடிகள்தானே, ஐ.நா.வுக்கு எழுதலாமா?
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: அந்தக் கல்லை எனக்கும் தெரியும். என் மாமியின் வளவில் கிணற்றுக்கும் மரவள்ளிக்கும் நடுவில் ஒன்று நிற்கிறது, மாமி அதில் ஆட்டைக் கட்டுகிறார். காணிக்காகப் போராடுங்கள், உறுதியோ பெர்மிட்டோ எது இருக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு சட்டத்தரணியிடம் போங்கள். ஆனால் பூர்வகுடி என்ற பெயரில் வேண்டாம்.

அந்தப் பெயருக்கு இந்தத் தீவில் முதல் உரித்து வேடருக்கு. அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வதே 'வன்னியல எத்தோ', அதாவது காட்டில் வாழ்பவர்கள். எங்கள் ஊர்ப் பெயரில் இருக்கும் அதே வன்னிதான். 1983இல் மாதுறு ஓயாவைத் தேசிய பூங்கா ஆக்கி, வேட்டையாடித் தேன் எடுத்த காட்டுக்குள் அவர்களே போக முடியாமல் செய்தார்கள். வேடர் ஊரான தம்பானையில் அவர்கள் தலைவர் திசாகாமியும் சில குடும்பங்களும் மட்டும் அசையமாட்டோம் என்று இருந்துவிட்டார்கள்.

சரி, ஐ.நா. என்ன செய்தது? 2007 செப்டெம்பர் 13இல் பூர்வகுடிகள் உரிமைப் பிரகடனம் நிறைவேறியது. ஆதரவு 144, எதிர்ப்பு 4: அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து (யார் காணியில் யார் இருக்கிறார்கள் என்று யோசித்தால் ஏன் என்று விளங்கும், பிறகு நால்வரும் மனம் மாறினார்கள்). இலங்கை ஆதரித்துத்தான் வாக்களித்தது. பூர்வகுடிகளை அவர்கள் சம்மதமில்லாமல் நிலத்தை விட்டு எழுப்பக் கூடாது என்று அதன் 10ஆம் உறுப்புரை சொல்கிறது, ஆனால் பிரகடனம் யாரையும் சட்டப்படி கட்டாது. கட்டக்கூடியது சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் 169ஆம் சமவாயம், 1989இல் வந்தது. ஆசியாவில் நேபாளம் மட்டும் ஏற்றிருக்கிறது, நாங்கள் கையெழுத்துப் பக்கமே போகவில்லை.

இன்னொன்று, இது எங்கள் கண்ணுக்குத் தெரியாத எங்கள் முதுகு. கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள் முல்லைத்தீவு தாண்டி, வெருகல் தாண்டி, வாகரைப் பக்கம் இறங்குவார்கள். அங்கே தமிழ் பேசும் கரையோர வேடர் இருக்கிறார்கள். வள்ளி வேடர் மகள் என்று பாடிக்கொண்டு போகிற நாங்கள், அவர்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு 'வேடன்' என்பதை வசவாகவும் வைத்திருக்கிறோம். அதனாலேயே பலர் பள்ளிக்கூடப் படிவத்தில் 'தமிழர்' என்று எழுதிவிடுகிறார்கள். 2012 குடிசன மதிப்பீட்டு அட்டவணையிலும் வேடருக்குத் தனி நிரல் கிடையாது, 'ஏனையோர்'தான்.

உங்கள் கல்லைப் படம் எடுத்து, திகதி போட்டு அனுப்புங்கள். அடுத்த இதழில் காணிச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் கேட்டு எழுதுகிறேன்.