காளான் படுக்கையில் பச்சைப் பூசணம்: குழுவை எப்படித் திரும்பக் கூட்டுவது?

வணக்கம். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் மகளிர் குழுவுக்குச் சிப்பிக்காளான் வளர்ப்பு சொல்லிக்கொடுத்தீர்கள். 20 படுக்கையில் (வைக்கோலும் காளான் விதையும் அடுக்கிய பைகள்) பாதிக்கு மேல் பச்சைப் பூசணம் பிடித்துவிட்டது, குழுவும் ஒதுங்கிவிட்டது என்கிறீர்கள். எங்கள் கல்லூரியிலும் இதே கதைதான் நடந்தது.

காளான் விதையைக் குறை சொல்லும் முன் வைக்கோலைப் பாருங்கள். நாலைந்து மணி நேரம் ஊறவைத்து, அரை மணிக்குக் குறையாமல் வேகவைத்தீர்களா? பெரும்பாலும் தப்பு அதற்கடுத்த கட்டத்தில்தான் வரும்: உலர்த்துவதில். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் கை ஈரமாக வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. நாங்கள் முகாம் அவசரத்தில் சொட்டச் சொட்ட நிரப்பினோம். பச்சை பிடித்த பைகளைக் கொட்டகைக்குள் வைத்துப் பிரிக்காதீர்கள், பூசணத்தின் வித்து காற்றில் பரவும். தூரமாகக் கொண்டுபோய்க் குழிதோண்டிப் புதையுங்கள்.

அப்புறம், முகாம் 7 நாள். படுக்கையில் காளானின் வெள்ளை இழை பரவவே 15 முதல் 20 நாள் ஆகும். நீங்கள் ஊர் திரும்பிய பிறகுதான் பயிரே தொடங்குகிறது! முறைவைத்து இரண்டு மாணவர்கள் வாரம் ஒருமுறை போய் வாருங்கள். மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தாரையும் ஒருநாள் அழைத்துப் போங்கள்.

குழுவிடம் மறுபடி 20 படுக்கை கேட்காதீர்கள். செலவை நீங்களே ஏற்பதாகச் சொல்லி, 5 மட்டும் கேளுங்கள். காளான் விற்காமல் மிஞ்சினால் வெயிலில் காயவைக்கலாம். 10 கிலோவுக்கு ஒரு கிலோ தேறும்.

கொட்டகை கூரையா, ஓடா? அதையும் எழுதுங்கள்.