தணிந்த காய்ச்சல் மீண்டும் ஏறினால்

வணக்கம். ஃப்ளூ உறுதியான உங்கள் தந்தைக்கு நான்காம் நாள் தணிந்த காய்ச்சல் ஆறாம் நாள் குளிர்நடுக்கத்தோடு திரும்பியிருப்பதாகவும், சளி துருநிறத்தில் வருவதாகவும் எழுதி, ஃப்ளூ வைரஸை அடக்கும் ஒசெல்டாமிவிர் மாத்திரை முடியும்வரை பொறுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொறுக்க வேண்டாம், இன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

தணிந்த காய்ச்சல் இப்படித் திரும்புவது, ஃப்ளூவைத் தொடர்ந்து பாக்டீரியாவால் வரும் நிமோனியாவின் (நுரையீரல் தொற்றின்) அறிகுறியாக இருக்கலாம். ஃப்ளூ வைரஸ் மூச்சுக்குழாயின் உட்சுவரைச் சிதைத்துவிடுவதால், அதுவரை மூக்கிலும் தொண்டையிலும் சும்மா இருந்த நிமோகாக்கஸ், ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் நுரையீரலுக்குள் இறங்கிவிடுகின்றன. 1918 ஃப்ளூ பெருந்தொற்றில் இறந்தவர்களில் பெரும்பாலோரின் உயிரைப் பறித்தது இப்படி வந்த நிமோனியாதான். ஒசெல்டாமிவிர் பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது. அதற்காக வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கைக் கொடுத்துப் பார்க்கும் வழக்கமும் வேண்டாம். எக்ஸ்ரேவும் இரத்தப் பரிசோதனையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்யட்டும்.

ஆக்சிஜன் அளவு 94 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலோ, அவர் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு வாக்கியத்தை முடிக்கத் திணறினாலோ, உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.