டார்பிடோ அடிச்ச கப்பல்ல ஒரே ஒருத்தர் 133 நாள் எப்படி உயிரோட இருந்தார்?

நீங்க கேக்கறது பூன் லிம் பத்தி. பென் லோமண்ட்ங்கற பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்ல வேலை பார்த்த சீனர், அப்போ வயசு 24 தான். கேப் டவுன்ல இருந்து தென் அமெரிக்கா பக்கம் துணைக்கு போர்க்கப்பல் எதுவும் இல்லாம தனியா போயிட்டு இருந்த கப்பல், 1942 நவம்பர் 23 அன்னிக்கு ஜெர்மன் சப்மரீன் யூ-172 டார்பிடோ அடிச்சதுல ரெண்டு மூணு நிமிஷத்துல மூழ்கிடுச்சு, அதனால தான் லைஃப் போட் இறக்கக்கூட யாருக்கும் நேரமே கிடைக்கல.

இவர் லைஃப் ஜாக்கெட்டோட குதிச்சு ரொம்ப நேரம் தத்தளிச்சு ஒரு மரத் தெப்பத்தைப் புடிச்சார். அதுல கொஞ்சம் பிஸ்கட், தண்ணி, டார்ச் லைட் இருந்துச்சு, அது எத்தனை நாளைக்கு வரும்? லைஃப் ஜாக்கெட் துணியை விரிச்சு மழைத்தண்ணி புடிச்சார், டார்ச்சுக்குள்ள இருந்த கம்பியை வளைச்சு தூண்டில் முள்ளு, கயித்தைப் பிரிச்சு தூண்டில் நூலு, அப்புறம் தெப்பத்துல இருந்த ஆணியைப் பிடுங்கி பெரிய மீனுக்கு இன்னொரு முள்ளு. இத்தனைக்கும் அவருக்கு நீச்சல் அவ்வளவா வராது, அதனால தெப்பத்தோட சேர்த்து ஒரு கயித்தைக் கையில கட்டிக்கிட்டே இருந்திருக்கார். எனக்கு மனசு கனத்துப் போன இடம், ஒரு சரக்குக் கப்பல் கிட்டவே வந்தும் ஏத்திக்காம போயிடுச்சு.

1943 ஏப்ரல்ல பிரேசில் மீனவர்கள் தான் கரை சேர்த்தாங்க, யாரும் தாங்காம தானே நடந்து வந்தார். கப்பல்ல கூட இருந்த 53 பேர்ல ஒருத்தர்கூட பிழைக்கல.