24 மணி நேரத் தயிர்: கேட்டவையும் பதில்களும்

கே: மகனுக்குக் குரோன்ஸ் நோய் (நாள்பட்ட குடல் அழற்சி). சில வகை மாவுச்சத்தையும் சர்க்கரையையும் விலக்கும் எஸ்.சி.டி. உணவுமுறையில் 24 மணி நேரத் தயிர்தான் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். ராத்திரி உறை ஊற்றிக் காலையில் எடுக்கும் தயிர் ஆகாதா?

ஆகாது. ஒரு லிட்டர் பசும்பாலில் ஏறக்குறைய 48 கிராம் லாக்டோஸ், அதாவது பாலின் சர்க்கரை, இருக்கிறது; எஸ்.சி.டி.யில் தவிர்க்க வேண்டியது அதைத்தான். அதில் ஒரு பங்கு புளித்தாலே பால் தோய்ந்துவிடும். கெட்டியாகிவிட்டது என்று எட்டு மணி நேரத்தில் எடுத்தால், லாக்டோஸில் பாதிக்கு மேல் அப்படியே கிடக்கும். அந்த மிச்சத்தை உறையின் நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கத்தான் மீதி நேரம். 24 மணி நேரம் வைத்தாலும் முழுக்கத் தீராது; புளிப்பு ஏற ஏற நுண்ணுயிர்களே சோர்ந்துவிடும். அதனால் முதல் நாள் ஒரு டீஸ்பூனில் தொடங்குங்கள், அதுவும் மருத்துவரிடம் சொல்லிவிட்டு.

கே: அளவும் பக்குவமும் சொல்லுங்கள் சார்.

பால் 1 லிட்டர். 82 முதல் 85 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சி, அடுப்பைச் சிறிதாக்கிப் பத்து நிமிடம் அதே சூட்டில் வையுங்கள். பாலின் புரதம் இளகி, தயிர் கெட்டியாக விழுவது இதனால்தான். பிறகு 42 டிகிரிக்கு ஆறவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி உறையை அரை டம்ளர் பாலில் கரைத்துச் சேர்க்கவும். 38க்குக் குறையாமல், 43ஐத் தாண்டாமல் 24 மணி நேரம். நடுவில் கிளறக் கூடாது, ஆட்டக் கூடாது. எடுத்ததும் எட்டு மணி நேரம் ஃபிரிட்ஜில் இருக்கட்டும். அதற்குள் கரண்டி போட்டால் தண்ணீர் விட்டுவிடும்.

விரல் வைத்துப் பார்க்கும் கணக்கு இதற்குப் போதாது. தெர்மாமீட்டர் வாங்கிவிடுங்கள்.

கே: ரைஸ் குக்கரின் 'வார்ம்' நிலையில் வைத்தேன். பாலாகவே இருக்கிறது.

அந்தச் சூடு பெரும்பாலும் 60 டிகிரிக்கு மேல். உறையில் இருந்த உயிர்கள் செத்துப்போயின. தயிர் மேக்கர் இல்லாவிட்டால் தெர்மோகோல் பெட்டியில் வெந்நீர் பாட்டில்களோடு வைத்து, சூடு 39க்கு இறங்கும்போது பாட்டில்களை மாற்றுங்கள். ஹாட்பேக் சில மணி நேரம்தான் தாங்கும்.

கே: வீட்டு உறைமோர் போதுமா? மிளகாய்க் காம்பு போட்டும் உறைய வைக்கலாமே?

சாதாரணத் தயிருக்குத் தாராளமாகச் செய்யலாம். இங்கே வேண்டாம். காம்பில் என்ன உயிர் வரும் என்று யாருக்கும் தெரியாது. வீட்டு உறையில் இருப்பவற்றில் பல 30 டிகிரியை ஒட்டி வளர்பவை, 42இல் திணறும். பல்காரிகஸ், தெர்மோஃபிலஸ் என்னும் தயிர் நுண்ணுயிர்கள் இருக்கும் உறைப்பொடியோ, பால்பவுடரும் சர்க்கரையும் சேராத வெறும் தயிரோ எடுங்கள். எஸ்.சி.டி.யில் பிஃபிடோ வகை நுண்ணுயிர் சேர்ந்த உறையை விலக்குவார்கள், லேபிளைப் பாருங்கள். நாலைந்து முறைக்குப் பின் புது உறைக்கு மாறிவிடுவது நல்லது.

கே: நூல் நூலாக இழுக்கிறது.

சூடு குறைந்து மெதுவாகப் புளித்திருக்கிறது. மாறாக, தயிர் பிளந்து தண்ணீர் மிதந்தால் சூடு கூடியது என்று பொருள். அல்லது யாரோ பாத்திரத்தை அசைத்திருக்கிறார்கள். மேலே கொஞ்சம் தண்ணீர் நிற்பது 24 மணி நேரத் தயிரில் சகஜம். மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிட்டால் தயிர் கெட்டியாகும், தண்ணீரோடு இன்னும் கொஞ்சம் லாக்டோஸும் வடியும்.

கே: கெட்டியாக வர பால்பவுடர் கலக்கலாமா?

கூடாது. கொழுப்பு நீக்கிய பால்பவுடரில் பாதி லாக்டோஸ்தான்! கொழுப்பு கூடிய பாலை வாங்குங்கள்.

கே: ஆட்டுப்பாலில் லாக்டோஸ் இல்லையாமே?

இருக்கிறது, பசும்பாலைவிடச் சற்றே குறைவு. தயிர் இளக்கமாகத்தான் வரும். அதைக் கெட்டியாக்க மெனக்கெட வேண்டாம், மோராகக் குடிக்கலாம்.

கே: பேத்திக்குப் பால் அலர்ஜி. இந்தத் தயிர் ஒத்துக்கொள்ளுமா?

கொடுக்காதீர்கள் அம்மா. அலர்ஜி பாலின் புரதத்தால் வருவது. எத்தனை மணி நேரம் புளித்தாலும் புரதம் போகாது. கேலக்டோஸ் என்னும் சர்க்கரையை உடல் ஏற்காத பிறவிக் குறைபாடான கேலக்டோசீமியா உள்ள குழந்தைகளுக்கும் ஆகாது: லாக்டோஸ் உடையும்போது கேலக்டோஸ் தயிரிலேயே தங்கிவிடும்.

தேங்காய்ப்பாலில் செய்யலாம். அதில் லாக்டோஸ் இல்லாததால், நுண்ணுயிர்களுக்குத் தீனியாக லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி தேன் சேர்க்க வேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடாது. எட்டு மணி நேரம் போதும். உறைப்பொடியிலும் பால் கலப்பு இருக்கலாம், பால் சேராதது என்று லேபிளில் பார்த்து வாங்குங்கள். கட்டியாக உறையாது, மேலே திரளும் கொழுப்பைக் கலக்கிவிட்டுக் கொடுங்கள்.