“காற்பந்தா, படிப்பா?” என்று மகனிடம் கேட்காதீர்கள்

வணக்கம் ஐயா. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகன் ஐந்தாம் படிவம். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். நெருங்குகிறது, அவனோ மாலையானால் திடலுக்கு ஓடிவிடுகிறான். “காற்பந்தா, படிப்பா, இன்றைக்கே சொல்” என்று நீங்கள் கேட்ட நாளிலிருந்து அவன் உங்களோடு சரியாகப் பேசுவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்தக் கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

யோசெஃப் வெங்லோஷ் என்ற பெயர் உங்களுக்கு நினைவிருக்கலாம். 1980களின் நடுவில் நம் மலேசியத் தேசிய காற்பந்து அணிக்குப் பயிற்றுநராக இருந்தவர். 1936இல் ஸ்லோவாக்கியாவின் ருஜோம்பெரோக் ஊரில் பிறந்து, ஸ்லோவான் பிராட்டிஸ்லாவா அணியின் நடுக்களத்தில் ஆடினார். உடல்நலக் குறைவால் 30 வயதிலேயே ஆட்டத்தை விட வேண்டி வந்தது. உங்கள் பயமும் இதுதானே? காலில் ஒரு அடி பட்டால், ஒரு நோய் வந்தால், அப்புறம் பையன் என்ன செய்வான்?

வெங்லோஷ் உடற்கல்வி படித்தவர், டாக்டர் பட்டமும் பெற்றவர். 1967இல் ஆஸ்திரேலிய தேசிய அணியையே அவரிடம் ஒப்படைத்தார்கள். அன்று அவருடைய நாடாக இருந்த செக்கோஸ்லோவாக்கியா 1976இல் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றபோது துணைப் பயிற்றுநர். 1980இல் தலைமைப் பயிற்றுநராக அதே போட்டியில் மூன்றாம் இடம், 1990 உலகக் கிண்ணத்தில் காலிறுதி. போர்த்துகல், துருக்கி, ஓமான், ஜப்பான் என்று போன இடமெல்லாம் வேலை இருந்தது. ஆடிய கால்கள் 30 வயதில் நின்றுவிட்டன. அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகளுக்கும் மேல் அவருக்குச் சோறு போட்டது அந்தப் படிப்பும், பல மொழிகளில் பேசத் தெரிந்ததும்தான்.

இதில் சறுக்கலும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். 1990இல் ஆஸ்டன் வில்லாவுக்குப் போனார். பிரிட்டன், அயர்லாந்துக்கு வெளியே பிறந்த ஒருவர் இங்கிலாந்தின் முதல்நிலை அணிக்கு மேலாளரானது அதுவே முதல் தடவை. முந்தைய ஆண்டு இரண்டாம் இடம் பிடித்த அணி, அவர் கையில் 17ஆம் இடத்துக்கு இறங்கியது. ஒரே பருவத்தில் வெளியேறினார். டாக்டர் பட்டம் அங்கே காப்பாற்றவில்லை. ஆனால் அடுத்தே துருக்கியின் ஃபெனர்பாச்சே கழகம் அவரை அழைத்துக்கொண்டது. 1993இல் தனி நாடான ஸ்லோவாக்கியாவின் முதல் தேசியப் பயிற்றுநரும் அவர்தான்.

1998இல் ஸ்காட்லாந்தின் செல்டிக் அணிக்கு வந்ததும், தன் நாட்டுக்காரர் லுபோமிர் மொராவ்சிக்கைச் சொற்பத் தொகைக்கு வாங்கினார். 33 வயது ஆள் எதற்கு என்று பலரும் முகம் சுளித்தார்கள். அந்த நவம்பரில் பரம எதிரியான ரேஞ்சர்ஸை 5-1 என்று செல்டிக் வீழ்த்தியது. இரண்டு கோல் மொராவ்சிக்குடையது. ஆட்களை எடைபோடும் அந்தக் கண், எனக்குத் தெரிந்து, ஓடி ஆடுவதால் மட்டும் வராது.

சரி, உங்கள் மகனுக்கு வருவோம். எஸ்.பி.எம். முடியும் வரை திடலுக்குப் போகும் நாட்களைக் குறைக்கலாம், ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். தேர்வுக்குப் பிறகு விளையாட்டு அறிவியல் படிக்கலாம். மலாயாப் பல்கலைக்கழகத்திலும் உப்சி எனப்படும் சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழகத்திலும் அந்தப் படிப்பு இருக்கிறது; தகுதி விவரங்களை இப்போதே விசாரித்து வையுங்கள். கூடவே பயிற்றுநர் உரிமம். சி, பி, ஏ, புரோ என்று படிப்படியாக ஏற வேண்டும், ஆண்டுக்கணக்கில் ஆகும். ஆடிக்கொண்டிருக்கும்போதே முதல் படியில் கால் வைப்பது நல்லது. அவனுக்குத் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தத் தொழிலில் அது பெரிய சொத்து ஐயா, அதைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள்.

அடுத்த முறை வரும்போது அவனையும் அழைத்து வாருங்கள். எந்த இடத்தில் ஆடுகிறான், ஏன் அந்த இடம் பிடிக்கும் என்று அவன் வாயாலேயே கேட்க வேண்டும்.